சீலிங்குக்குள் முடிகிற குழாய்

தம்பி,

போன செவ்வாய்க்கிழமை உன் கடைக் குசினிக்குள் கதிரை போட்டு ஏறி, சீலிங் பலகை ஒன்றைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தவள் நான்தான். பலகையின் மூலை உடைந்ததற்கு எலிதான் காரணம் என்று உன் உள்ளலங்காரக்காரர் சொன்னாராம். உன் மனைவி சொன்னாள். எலி இல்லை, முழங்கால் நோவோடு அறுபத்தாறு வயதில் கதிரை ஏறிய உன் அம்மா. அவர் எலி என்றதும் நீ நம்பினாய் பார், அந்த மனிதர் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற வியாதி உனக்கு எவ்வளவு முற்றிவிட்டது என்பது அதிலேயே தெரிகிறது. கடைக்குள் இன்னும் ஒரு பிடி மா வரவில்லை, ஒரு கிழங்கு வரவில்லை. எலி எதைத் தின்ன வந்தது, பெயின்ற்றையா?

இதை நேரே சொல்லியிருக்கலாம். சொல்லத் தொடங்கினேன்தான். "அம்மா, நீங்கள் சும்மா இருங்கோ, உதெல்லாம் தெரிஞ்ச ஆக்கள் பாத்துச் செய்யினம்" என்று நீ கையைக் காட்டிவிட்டுத் தொலைபேசியோடு வெளியே போய்விட்டாய். முப்பது வருடம் றோல்ஸும் கட்லட்டும் பொரித்து விற்று, அந்தக் காசில் உன்னைப் படிப்பித்தவளுக்குத் தெரியாததைத் தெரிந்துவைத்திருக்கிற அந்த "ஆக்கள்" யார் என்று கேட்க வாயைத் திறந்தேன். ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை கடை திறப்பு. அதற்கு முன்னர் இதை இருந்து வாசி. உன் மனைவியும் வாசிக்கட்டும். உன்னைப் போல எண்ணெய்த் தாச்சியை நம்பிக் கடை போடப் புறப்பட்டிருக்கிற உன் கூட்டாளிகள் யாரும் இருந்தால் அவர்களுக்கும் கொடு. இதில் மறைக்க ஒன்றுமில்லை. மறைத்து வைத்திருந்ததை எல்லாம் எழுதத்தான் போகிறேன்.

முதலில் உன் கடையின் அழகைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஒன்றையும் மெச்சவில்லை என்று குறைப்படாதே. முன்பக்கம் ஏசி. மேலே பனையோலைப் பெட்டிகளைக் கவிழ்த்து அவற்றுக்குள் விளக்கு. சுவர் முழுக்கப் பனைமரப் படம். ஒரு பனங்கிழங்கை ஒழுங்காக உரித்துத் தின்னத் தெரியாத நீ, கொழும்பில் கந்தோர் வேலையில் இருந்துவிட்டு வந்து, பனைமரத்தைப் பார்த்து உருகுகிறாய். வருகிறவர்கள் இருந்து படம் எடுக்க ஒரு ஊஞ்சல் வேறு. வடை தின்ன வருகிறவனுக்கு ஊஞ்சல் எதற்கு? தின்று முடித்து ஆடினால் வடை எந்தப் பக்கத்தால் வரும் என்று உன் அலங்காரக்காரர் யோசித்தாரோ தெரியாது. சரி, அது உன் விருப்பம். ஊஞ்சலால் ஒருவருடைய நெஞ்சும் அடைக்கப் போவதில்லை.

குசினிக்கு வந்தேன். யன்னல் இல்லை. இரண்டு மின் பொரிப்பான், பக்கத்தில் பெரிய காஸ் அடுப்பு, அதில் நான் தந்த பெரிய தாச்சி. மூன்றும் வரிசையாக ஆறடிக்கு நிற்கின்றன. அவற்றுக்கு மேலே, மினுங்கமினுங்க, புகை இழுக்கிற இரண்டரை அடி ஹூட் ஒன்று. மூன்று பேர் மழையில் நிற்க நடுவில் நிற்கிறவருக்கு மட்டும் குடை பிடித்த மாதிரி. முன்பக்கம் பெரிய கண்ணாடி வைத்திருக்கிறாய், உள்ளே பொரிப்பதை வெளியே இருப்பவர்கள் பார்க்க வேண்டுமாம். பொரிக்கிறவளைப் பார்க்கலாம், ஆனால் அவள் இருமினால் கேட்காது, அவள் இழுக்கிற புகை மணக்காது. மீன் தொட்டிக்குள் மீனைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டு உன் வாடிக்கைக்காரர் ஏசிக்குள் இருந்து கட்லட் கடிப்பார்கள். இதை யோசித்துக் கண்டுபிடிக்க ஒரு படித்த மூளை தேவைப்பட்டிருக்கிறது.

என் கைப்பைக்குள் கோயிலுக்கு வாங்கிய ஊதுபத்தி இருந்தது. ஒன்றைக் கொளுத்தி, ஹூட்டைப் போட்டுவிட்டு, தாச்சி இருக்கிற இடத்தில் பிடித்தேன். அது போட்ட சத்தத்துக்கு என்னையே தூக்கிக்கொண்டு போகும் என்று நினைத்தேன். புகை ஒரு சாண் மேலே போனது, பிறகு யோசித்தது, பிறகு வளைந்து என் முகத்துக்கு வந்தது. உள்ளே காற்று வர ஒரு வழியும் வைக்காமல் வெளியே இழு என்றால் அது எதை இழுக்கும்? கதவைக் கொஞ்சம் திறந்தால் புகை அப்படியே உன் ஏசி அறைக்குள் நடக்கிறது. அப்போதுதான் இந்த ஹூட்டின் குழாய் எங்கே போகிறது என்று பார்க்க ஆசை வந்தது. கதிரை போட்டு ஏறினேன். குழாய் சீலிங்குக்கு மேலே நாலடி போய், அடிபட்ட சாரைப்பாம்பு மாதிரி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. சுவருக்கும் போகவில்லை, கூரைக்கும் போகவில்லை. நீ கொழும்பிலிருந்து இறக்கிய ஹூட், குசினிப் புகையைச் சீலிங்குக்குள் கொண்டுபோய்ச் சேமித்து வைக்கப் போகிறது.

நீ திரும்பி வந்ததும் கேட்டேன். உனக்கு நினைவிருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். சொன்னதை எழுத்தில் பார்த்தால்தான் சிலருக்கு வெட்கம் வரும்.

"குழாயை ஏன் வெளியாலை விடேல்லை?"

"வெளிச்சுவரிலை பைப் வந்தா வடிவில்லை அம்மா. அந்தச் சுவரிலைதான் கடையின்ரை பேர் லைற் போட்டு வருது. றோட்டிலை போறவைக்கு அதுதான் முதல் தெரியும்."

"அப்ப புகை?"

"அதுக்குள்ளை ஃபில்டர் இருக்கு. அவ்வளவு வராது."

"பொரிக்க எடுத்த அந்தப் பிள்ளை கமலினி விடியத்திலையிருந்து பின்னேரம் வரைக்கும் உதுக்குள்ளை நிக்கப் போறாளே?"

"அவைக்கு உது பழக்கம் அம்மா."

நீ இதைச் சொல்லும்போது உன் முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்கவில்லை. மழை பெய்யும், வெயில் எறிக்கும் என்பது போலச் சொன்னாய். அதுதான் என்னைக் கதிரையில் இருக்க வைத்தது. உன்னிடம் முழங்கால் நோ என்று சொன்னேன். முழங்கால் இல்லை.

அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் எண்ணெய்ப் புகை என்றால் என்ன என்று கேள், ஏனென்றால் நீ ஒருநாளும் அதற்குள் நிற்கவில்லை. சோறு அவிகிற ஆவி வேறு, எண்ணெய்ப் புகை வேறு. ஆவி போய்விடும், எண்ணெய்ப் புகை போகாது, இருக்கும். சுவரில் இருக்கும், மின்குமிழில் இருக்கும், தலைமயிரில் இருக்கும். மூன்று தரம் சீயாக்காய் போட்டு முழுகினாலும் தலையணையில் இருக்கும். மேசையில் பிசுபிசுவென்று பிடித்துக்கொண்டு, துடைக்கத் துடைக்க மஞ்சளாய் வருகிற அதே சாமான்தான் மூச்சுக்குள்ளும் போகிறது. உள்ளே துடைக்க ஒருவராலும் முடியாது. எண்ணெய் காய்ந்து கரகரக்கத் தொடங்கினால் கண் எரியும், தொண்டை கரிக்கும், மத்தியானம் தலை இடிக்கும், பின்னேரம் பசி இருக்காது. உன் சீலிங்குக்குள் போகிறதும் சும்மா இருக்காது. வயர்களில் படிந்து, பலகையில் ஊறி, ஒருநாள் எங்கேயாவது ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். எண்ணெயில் ஊறின சீலிங்குக்குக் கீழே ஆறடி நீளத்துக்கு நெருப்பு. இதற்குப் பெயர் வடிவு.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. ஹூட் அடுப்புகளை விட எல்லாப் பக்கமும் ஒரு சாண் கூடுதலாக இருக்க வேண்டும். குழாய் அதிக வளைவில்லாமல் வெளியே போய், கூரைக்கு மேலே ஏறி, அயலாருடைய யன்னலுக்கு நேரே இல்லாமல் திறக்க வேண்டும். எதிர்ப்பக்கம் கீழே காற்று வர ஒரு வழி வேண்டும். ஹூட்டின் வலைத்தட்டைக் கிழமைக்கு ஒருதரமாவது கழற்றிச் சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டு ஊறவைத்துக் கழுவ வேண்டும், அதைக் கழுவுகிற வேலை யாருக்கு என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது ஒருவருடைய வேலையும் இல்லை. அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்குச் சான்றிதழ் இல்லை. உன் அலங்காரக்காரரிடம் இருக்கிறது. அவர் ஒருநாளாவது ஒரு முட்டையாவது பொரித்திருப்பாரா என்று கேட்டுப் பார்.

கடையைச் சொல்கிறேன், உன் வீட்டை விட்டேனா? நீயும் உன் மனைவியும் புதிதாய்க் கட்டின வீட்டுக் குசினியில் ஒரு ஹூட் இருக்கிறது. அதில் நீல வெளிச்சம் வரும். விருந்தினர் வந்தால் அதைப் போட்டுக் காட்டுவீர்கள். வாங்கி ஒரு வருடமாகியும் அதில் ஒட்டின பிளாஸ்ரிக்கை உரிக்கவில்லை, உரித்தால் கீறல் விழுமாம். அந்தக் குசினியில் தேத்தண்ணீர் மட்டும் வைப்பீர்கள். அப்பளம் பொரிப்பதும் மீன் பொரிப்பதும் மிளகாய் வறுப்பதும் வீட்டுக்குப் பின்னால், தகரம் போட்ட ஒரு மூலையில். மூன்று பக்கமும் சுவர், நாலாவது பக்கம் தண்ணீர்த் தாங்கி, புகை போகிற வழி உன் மனைவியின் மூக்கு. நீ மட்டும் இல்லை, இந்தப் பக்கம் புதிதாய்க் கட்டுகிற வீடு எல்லாம் இப்படித்தான். காட்டுகிற குசினியில் புகையே வராது, அங்கே ஹூட். புகை வருகிற குசினியில் ஒரு பொத்தலும் கிடையாது. உள்ளே ஈரும் பேனும், வெளியே டாம்பீகம் என்பது இதைத்தான். உன் மனைவி மிளகாய் வறுக்கும்போது தும்முகிறாள் என்று நீ சிரித்தாய். நானும் அன்றைக்குச் சேர்ந்து சிரித்தேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். உன்னைத் திட்டின நாக்கால் என்னையும் திட்டாவிட்டால் அது நியாயமில்லை.

இணுவிலில் எங்கள் பழைய குசினி உனக்கு நினைவிருக்கும். நான் வீட்டிலிருந்து றோல்ஸும் கட்லட்டும் போட்டு நகரத்துக் கன்ரீன்களுக்கும் தேத்தண்ணீர்க் கடைகளுக்கும் கொடுக்கத் தொடங்கியபோது, உன் அப்பா அடுப்புக்கு மேலே கூரைத் தகட்டை வெட்டி, நாலு பக்கமும் பலகை அடித்து, ஒரு புகைக்கூடு வைத்தார். மனிதர் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை, மேசன் வேலை தெரியாது, அது கொஞ்சம் சரிந்துதான் நின்றது. ஊரில் பார்த்தவர்கள் கோழிக்கூடு என்று பகிடி பண்ணினார்கள். ஆனால் புகை பிடித்த பிடியில் மேலே போனது. வேலை கூடியதும் குருநகரிலிருந்து திரேசம்மா பொரிக்க வந்தார். நான் றொட்டி போடுவேன், உருட்டுவேன், அவர் தாச்சிக்கு முன்னால் நிற்பார். காலையில் முதல் பஸ்ஸில் வருவார், பின்னேரம் போவார். உனக்கு அவரை நன்றாகத் தெரியும். கட்லட்டில் முதல் சூடு உனக்குத்தான் தருவார்.

எங்கள் முருகன் கோயிலில் திருவிழாக் கொடியேறினால் ஊரில் ஒரு வீட்டிலும் மீன் மச்சம் சமைப்பதில்லை. நானும் விரதம். ஆனால் நகரத்துக்குக் கொடியேறவில்லை, கன்ரீன்காரர் மீன் றோல்ஸ் கேட்டார்கள். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் வழி கண்டுபிடித்தேன். மீனை நான் தொடமாட்டேன், என் கை மாவோடு நிற்கும். மீன் கழுவி, அவித்து, உள்ளே வைக்க வதக்கி, பொரிப்பது எல்லாம் திரேசம்மா. அவர் கிறிஸ்தவர், விரதம் இல்லைத்தானே. "உமக்கென்ன, நீர் வேதக்காரர்" என்று நானே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு "ஓம் அக்கா" என்றார். என் விரதம் முறியாமல் மீன் பொரிந்தது. நாக்கைத் தடவிப் பார்க்கிறேன், இதை எழுதும்போதும் கசக்கிறது.

மிஞ்சியது மணம். சுவாமி வீதிவலம் எங்கள் ஒழுங்கையாலும் வருவார். அந்த நேரம் எங்கள் கூரையிலிருந்து மீன் மணம் எழும்பினால் ஊர் என்ன சொல்லும்? புகைக்கூட்டைச் சாக்கால் அடைத்து, அதற்கு மேலே தகரம் வைத்துக் கல்லேற்றினேன். யன்னலைப் பூட்டினேன். கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தேன். உன் அப்பா வந்து பார்த்தார்.

"உந்தப் பொத்தலை ஏன் அடைச்சனி? அது குசினியின்ரை மூக்கு."

"சாமி வரேக்கை எங்கடை வீட்டிலை மீன் மணக்கிறதே? சனம் என்ன கதைக்கும்?"

"உள்ளுக்கை ஒரு மனிசி நிக்குதெல்லே? அதின்ரை மூச்சு?"

"அவவுக்கு உது பழக்கம்."

பார்த்தாயா? நீ செவ்வாய்க்கிழமை சொன்ன சொல் உன்னுடையது இல்லை, என்னுடையது. நீ அப்போது குசினி வாசலில் பள்ளிக் கொப்பியோடு நின்றிருப்பாய். பள்ளிக்கூடத்தில் படித்ததை எல்லாம் மறந்துவிட்டு இதை மட்டும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாய்.

கொடி இறங்கினதும் சாக்கை எடுத்திருக்கலாம். முதல் வருடம் எடுத்தேன். அடுத்த வருடம் எடுக்கவில்லை, மழைத்தண்ணீர் வராமல் இருக்கிறதே, இருக்கட்டும் என்று விட்டேன். பிறகு அது சாக்கே இல்லை, எண்ணெய் ஊறிக் கறுத்த ஒரு கட்டி. அது நெருப்புப் பிடிக்காதது என் கெட்டித்தனத்தால் அல்ல. இவ்வளவு பாடுபட்டும் மணம் மறைந்ததா என்றால் அதுவும் இல்லை. வெகுகாலத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டு மனிசி ஒரு கலியாண வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கொடியேறினாப் பிறகுதான் அக்கா உங்கடை வீட்டு றோல்ஸ் இன்னும் நல்லா மணக்கும். கதவிடுக்காலை ஒழுங்கையெல்லாம் வரும்." ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. முருகனுக்குத் தெரியாது என்று நினைத்தவள் நான் ஒருத்திதான். புகை மட்டும் சொன்னபடி கேட்டு, உள்ளேயே நின்றது.

திரேசம்மாவுக்கு இருமல் வந்தது. முதலில் காலையில், பிறகு படுக்கும்போது, பிறகு பஸ்ஸால் இறங்கி எங்கள் வீட்டுக்கு நடந்துவரும்போது இரண்டு இடத்தில் நின்று. நான் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். என்னைப் போல நல்ல மனம் யாருக்கு வரும் என்று நினைத்தேன். ஒருநாள் தாச்சிக்கு முன்னால் மூச்சு எடுக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். ஓட்டோ பிடித்து யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் இளம் பெடியன். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அம்மா, எத்தினை வருசமாச் சுருட்டுப் பத்துறியள்?"

திரேசம்மா இருமலுக்குள்ளும் சிரித்தார். "ஐயோ தம்பி, நான் சுருட்டைக் கண்ணாலை கண்டதோடை சரி."

"அப்ப என்ன வேலை செய்யிறனியள்? புகைக்குள்ளை நிக்கிற வேலையோ?"

திரேசம்மா திரும்பினார். என்னைப் பார்த்தார். ஒரு சொல் சொல்ல வேண்டிய இடம் அது. நான் சொன்னேன்: "வீட்டு வேலைதான் டொக்டர். இவ கடற்கரையிலை இருக்கிறவ, உப்புக்காத்து ஒத்துக்கொள்ளேல்லைப் போலை." டொக்டர் அதை எழுதினார். திரேசம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார், மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயமா, என்னை அந்த இடத்தில் வெட்கப்படுத்தக்கூடாது என்ற நல்ல குணமா, இன்றுவரை கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை. பிறந்த நாள் தொடங்கிக் குடித்த காற்றையே அவருடைய நோய்க்குக் காரணம் சொன்னேன். நான் சொன்ன பொய்களில் இதைவிடக் கேவலமானது வேறொன்று இல்லை.

எனக்குத் தெரியாது என்று நீ ஆறுதல் சொல்ல நினைப்பாய், சொல்லாதே. எனக்குத் தெரியும். நீ சின்னப்பிள்ளையாய் குசினிக்குள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் "உள்ளுக்கை வராதை ராசா, நெஞ்சு அடைக்கும்" என்று துரத்தினவள் நான். உன் படிப்பு மேசையை முன் விறாந்தையில் காற்று வருகிற இடத்தில் போட்டவள் நான். உருட்டுகிற பலகையை மெல்ல மெல்ல நகர்த்தி நானும் விறாந்தைக்கே வந்துவிட்டேன், வெளிச்சம் காணாது என்று சாட்டு. என் பிள்ளையின் நெஞ்சுக்குக் கூடாதது, எனக்குக் கூடாதது, திரேசம்மாவுக்கு மட்டும் பழக்கம். இதை அறியாமை என்று சொல்லமுடியாது. அறிந்து செய்தேன்.

அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. நான் ஆறு மாதம் தனியே பொரித்தேன், அப்போதுதான் ஏணி வைத்து அந்தச் சாக்குக் கட்டியைப் பிடுங்கினேன். தனக்கு வந்தால் தெரியும் தலைவலியும் காய்ச்சலும். போன புதன்கிழமை குருநகருக்குப் போனேன். இப்போது அவரால் வீட்டிலிருந்து கோயில் வாசலுக்கு ஒரே மூச்சில் போகமுடியாது. கையில் மூச்சுக்கு அடிக்கிற அந்த நீல நிறப் பம்ப். உன் கடை திறப்பைச் சொன்னேன். சந்தோசப்பட்டார், உண்மையாகவே. "தம்பிக்குக் கட்லட் எண்டா உயிர், கடையே போட்டிட்டானே" என்றார். பிறகு கொஞ்சம் மூச்சு எடுத்துக்கொண்டு கேட்டார்: "அங்கை புகை போக வழி வைச்சிருக்கே அக்கா?"

வைத்திருக்கிறது என்று சொன்னேன். திரும்பவும் பொய். இந்தத் தரம் உனக்காக. ஆசுபத்திரியில் சொன்ன பொய்யைத் திருத்த எனக்கு வழி இல்லை. இதைத் திருத்தலாம், அதற்கு உன் சுவர் வேண்டும்.

உன்னை நம்பி இருக்கவில்லை, நேற்று உடுப்பிட்டிக்குப் போய்க் கமலினியைப் பார்த்தேன். நல்ல பிள்ளை, இரண்டு சின்னக் குழந்தைகள். சுவரில் வழி விடும்வரை வேலைக்குப் போகாதே என்று சொன்னேன். பெரிய தியாகி மாதிரித்தான் சொன்னேன். அவள் எனக்குத் தேத்தண்ணீர் தந்துவிட்டு, மரியாதையாகச் சொன்னாள்: "அம்மா, நான் போகாட்டி அவர் வேறை ஆளை எடுப்பார். அந்தாளும் உதுக்குள்ளைதானே நிக்கும். எனக்கு இந்த வேலை வேணும்." போகாதே என்று சொல்வது எனக்குச் சுலபம், அவளுக்குப் போகாமல் இருப்பது சுலபமில்லை. இந்த விசயத்தில் பெரிய நட்டமில்லாமல் ஒரு சொல்லைச் செலவழிக்கக்கூடியவன் நீ ஒருவன்தான். செலவழிக்காமல் இருக்கிறாய், ஒரு பெயர்ப்பலகைக்காக.

உனக்கு இன்னும் சாட்டு ஏதும் இருந்தால் அதையும் எடுத்துவிடுகிறேன். கட்டடச் சொந்தக்காரரிடம் கேட்டேன். "ஓட்டையைச் சுத்தமா உடைச்சு, பிறகு வடிவாப் பூசித் தந்தா எனக்கென்ன?" என்றார். பெயரை ஒன்றரை அடி தள்ளிப் போட்டால் குழாய்க்கு இடம் வரும். உன் கடையின் பெயரை ஒன்றரை அடி வலப்பக்கம் தள்ளினால் யாழ்ப்பாணம் கடலுக்குள் போய்விடாது. பெரிய ஹூட்டும் குழாயும் அடிக்க நகரத்திலேயே ஆள் இருக்கிறது, அளவு கொடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை என் சேலைத் தலைப்பால் அளந்ததைத்தான் கொடுத்தேன், உன் மீற்றர் எனக்குப் புரியாது.

வெள்ளிக்கிழமை என்னை விளக்கேற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். வழி விட்டிருந்தால் புதுச்சேலை கட்டி முன்பக்கத்தால் வந்து, சந்தோசமாக ஏற்றுவேன், உன் ஊஞ்சலிலும் இருந்து ஒரு படம் எடுக்கிறேன். வழி விடாவிட்டால் பின்பக்கத்தால் வருவேன். கமலினிக்கு அதே சம்பளத்தோடு முன்பக்கத்தில் வேலை கொடு. தாச்சிக்கு முன்னால் நான் நிற்பேன். சனிக்கிழமையும் நிற்பேன், ஞாயிறும் நிற்பேன். என் நெஞ்சு எத்தனை நாளைக்குத் தாங்குமென்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, உன் அலங்காரக்காரரிடம் கேட்டுப் பார். இதைப் பயமுறுத்தல் என்று நினைத்தால் நினை. அந்த இடத்தில் நிற்க வேண்டியவள் முதலிலிருந்தே நான்தான், இவ்வளவு காலம் வேறொருவர் எனக்குப் பதிலாக நின்றார்.

மேசனுக்குச் சொல்லியிருக்கிறேன். வியாழன் காலை ஆறரைக்குக் கடைக்கு வருவான். சுவரை உடைக்க அலவாங்கு அவனே கொண்டுவருவான். நீ கதவை மட்டும் திறந்து விடு.

அம்மா